ரெண்டு ட்யூன், ஒரே ராகம்

புது கார் வாங்கியதும் மச்சினன் தன் பழைய காருக்கு வைத்திருந்த ட்யூனரை என்னிடம் கொடுத்துவிட்டான். உள்ளங்கையில் அடங்கும் சாமான். சின்னத் திரை, நாலைந்து பொத்தான், வால் மாதிரி ஒரு வயர். ஸ்டியரிங்குக்குக் கீழே, குனிந்து தலையை இடித்துக்கொண்டால் மட்டும் கண்ணில் படும், மெக்கானிக் கோளாறு பார்க்கச் செருகும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் வாலைச் செருகினால், இன்ஜினின் மூளையான இசியுவோடு பேச ஆரம்பிக்கும். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், தீப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும், காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்று கம்பெனி எழுதிவைத்த கணக்கை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, நாம் கொடுக்கும் கணக்கை அந்த இடத்தில் எழுதிவிடும். அந்தக் கணக்குக்குத்தான் ட்யூன் என்று பெயர்.

"உங்க கார்லயும் அதே இன்ஜின்தான் மாமா. செருகுங்க, பறக்கும்" என்றான்.

செருகினேன். கருவி கைவிரித்துவிட்டது. இந்தக் கருவி வேறொரு வாகனத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறதாம். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த ட்யூனர்களில் பல, ஒரு நேரத்தில் ஒரு காருக்குத்தான் விசுவாசம். முதல் தடவை எழுதும்போதே அந்தக் காரின் 17 எழுத்து சேசிஸ் நம்பரை மனதில் பதித்துக்கொள்ளும். இந்த வட்டாரத்தில் இதைக் கல்யாணம் என்றே சொல்கிறார்கள். பழைய காரில் கம்பெனிக் கணக்கைத் திருப்பி எழுதி, முறைப்படி வெட்டிவிட்டால்தான் அடுத்த காரை நிமிர்ந்து பார்க்கும். நல்ல வேளை, பழைய கார் இன்னும் விற்கவில்லை. வெயிலில் நிறுத்தியிருந்த அந்தக் காரில் உட்கார்ந்து வெட்டிவிட்டு வந்த மச்சினன், "ஒரு விவாகரத்துக்கு என்னை அரை நாள் உட்கார வெச்சிட்டார் உன் வீட்டுக்காரர்" என்று அக்காவிடம் புகார் சொன்னானாம்.

எனக்கு ட்யூன் எழுதித் தந்தவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. காரின் விவரங்களை அனுப்பினால் அவர் மெயிலில் ஃபைல் அனுப்புவார். ஓட்டிப் பார்த்து, அப்போது இன்ஜின் காட்டிய அளவுகளின் பதிவான டேட்டாலாக்கை அனுப்பினால் திருத்தித் தருவார். நான் இரண்டு ட்யூன் கேட்டேன். வார நாட்களில் ஆபீஸ் போய் வர, சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோலுக்கு ஒன்று. சனி ஞாயிறில் கொஞ்சம் வீரம் காட்ட, 95 ஆக்டேனுக்கு இன்னொன்று. மனதுக்குள் ஒன்றுக்குச் சிக்கனம் என்றும் மற்றதற்கு வேகம் என்றும் பெயர் வைத்துவிட்டேன். கருவியிலும் அதே பெயரை வைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

ட்யூன் ஏற்றுவது ஒரு சடங்கு. கம்பெனிக் கணக்கை முதலில் சேமித்து, அதை லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, எனக்கே ஒரு மெயில் என்று மூன்று பிரதி எடுத்தேன். பேட்டரிக்கு சார்ஜர் மாட்டினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் விழுந்தால் இசியு பாதி எழுதிய பலகையாக நின்றுவிடும், வண்டி கிளம்பாது. ஏசி ஊதி, ரேடியோ, விளக்கு எல்லாம் அணைக்க வேண்டும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். முதல் தடவை இருபது நிமிடம். அதற்குப் பிறகு ட்யூன் மாற்றும்போது கணக்குப் பகுதியை மட்டும் எழுதுவதால் நாலைந்து நிமிடத்தில் முடியும். அந்த இருபது நிமிடமும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவன் மாதிரி திரையின் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

63 சதவீதத்தில் பின்கதவு திறந்தது. உள்விளக்கு எரிந்தது. எனக்கு உயிர் போய் வந்தது.

"குடை இங்கதான் இருந்துச்சு" என்றாள் மனைவி.

"கதவை மூடு! மெதுவா மூடு!"

"மூடணுமா, மெதுவா மூடணுமா?"

சார்ஜர் மாட்டியிருந்ததால் ஒரு உள்விளக்கு எதையும் கெடுத்திருக்காது. இதை இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு அவளோடு ஒரு மணி நேரம் பேசவில்லை. அதை அவள் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

சரி, முதல் ட்யூன் ஏறியது. வண்டி நன்றாகவே ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை இரண்டாவதை ஏற்றினேன். அடடா! ஆக்சிலேட்டரைத் தொட்டதும் வண்டி முன்னால் பாய்கிறது. மூன்றாவது கியரில் இழுவை வேறு மாதிரி. சைலன்சர் சத்தத்தில்கூட ஒரு கனம். ஞாயிறு இரவு திரும்பவும் சிக்கனத்துக்கு மாற்றினால், திங்கள் காலை வண்டி மாமனார் வீட்டு விருந்து முடித்து எழுந்த மாப்பிள்ளை மாதிரி நகர்கிறது. ஒரு மாதம் இப்படியே போனது. வெள்ளி மாலை ஏற்றுவேன், ஞாயிறு இரவு இறக்குவேன்.

பெட்ரோலிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் சொல்வதெல்லாம், சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது அது முந்திக்கொண்டு வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான். அந்தப் பொறுமை இருப்பதால் தீப்பொறியை இன்னும் முன்னால் தள்ளலாம், டர்போ அழுத்தத்தைக் கூட்டலாம். 95க்கு எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு 91 ஊற்றினால் அது முந்திக்கொண்டு வெடித்து இன்ஜின் நாக் அடிக்கும். நாக் சென்சார் அதைக் கேட்டுவிட்டுத் தீப்பொறியைப் பின்னால் இழுத்துச் சமாளிக்கப் பார்க்கும். எல்லை மீறினால் பிஸ்டனுக்குச் சங்கு. அதனால் மேலே போகும்போது பெட்ரோல் முதலில், கீழே வரும்போது ட்யூன் முதலில். இந்த விதியைக் காப்பாற்ற, வெள்ளிக்கிழமை மாலைக்குள் டேங்க் கிட்டத்தட்ட காலியாகிற மாதிரி வாரம் முழுக்கக் கணக்குப் போட்டு ஊற்றுவேன். வீட்டுச் செலவுக்கு நான் இப்படி ஒரு நாள் கணக்குப் போட்டதில்லை. இதைச் சொன்னது நானில்லை.

நோட்டு ஒன்றும் போட்டேன். சிக்கனத்தில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர், வேகத்தில் 11 சொச்சம். பார்த்தீர்களா, எண்களே சாட்சி! மச்சினனுக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர் மாமா" என்று பதில் வந்தது.

என் அனுபவத்துக்கு ஒரு நடுநிலைச் சாட்சி வேண்டும் என்று மனைவியைக் கூட்டிப்போனது நானே தேடிக்கொண்ட வினை. ஒரு சனிக்கிழமை சிக்கனத்தில் ஒரு சுற்று, ஓரமாக நிறுத்தி ட்யூன் மாற்றி வேகத்தில் ஒரு சுற்று.

"எப்படி?"

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"முதுகு சீட்ல அழுந்துறதைக் கவனிச்சியா?"

"அழுந்துது. நீங்க மிதிக்கிறீங்க, அழுந்துது."

அன்று இரவு அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். இழுவை, டர்போ அழுத்தமான பூஸ்ட், தீப்பொறி விழும் நேரத்தைக் குறிக்கும் தீப்பொறிக் கோணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். பழக்கப்படாத உடம்புக்கு இந்த நுட்பமெல்லாம் பிடிபடாது என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

மாதக் கடைசியில் இரண்டு ட்யூனுக்கும் டேட்டாலாக் எடுத்தேன். ஆளில்லாத நேர்ச் சாலையில் மூன்றாவது கியர், 2500 ஆர்பிஎம்மிலிருந்து 6000 வரை முழு மிதி. பூஸ்ட், தீப்பொறிக் கோணம், காற்று-எரிபொருள் விகிதம், நாக் திருத்தம் எல்லாவற்றையும் கருவி வரிசையாகப் பதிந்துகொள்ளும். இரண்டு லாக்கையும் அனுப்பி, "வேகம் பிரமாதம் சார், சிக்கனம் சற்று மந்தம், கொஞ்சம் தூக்கிவிட முடியுமா?" என்று கேட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. "சார், ரெண்டும் 91 லாக். 95 லாக் அனுப்புங்க."

ஏதோ குழப்பிக்கொண்டார் பாவம் என்று நினைத்து, தேதி நேரத்தோடு மறுபடி அனுப்பினேன். அவர் அடுத்த மெயிலில் விளக்கமாகவே எழுதினார். 91க்கு அவர் வைத்த பூஸ்ட் இலக்கு 15 பிஎஸ்ஐ, 95க்கு 19. என் இரண்டு லாக்கிலும் 15. தீப்பொறிக் கோணம் ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் இரண்டிலும் அச்சு அசல். "உங்க கருவியில ஃபைல் வைக்கிற ரெண்டு ஸ்லாட்லயும் ஒரே ஃபைல்தான் இருக்கு."

லேப்டாப்பைத் திறந்தேன். அவர் அனுப்பும் ஃபைலின் பெயர் ஒரு ஜாதகம். காரின் பெயர், இன்ஜின் அளவு, ஆண்டு, கியர்பாக்ஸ், என் பெயர், பதிப்பு எண், இவை எல்லாம் வந்த பிறகு கடைக்கோடியில் 91 அல்லது 95. கருவியின் குட்டித் திரையில் முதல் இருபது எழுத்துக்கு மேல் இடமில்லை, மீதிக்கு மூன்று புள்ளி. அதனால் இரண்டு ஸ்லாட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் தெரியும். மேலே இருப்பது சிக்கனம், கீழே இருப்பது வேகம் என்று நான் ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தேன். பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மேலே இருப்பது 91. கீழே இருப்பதும் 91. அதன் வாலில் அடைப்புக்குறிக்குள் ஒரு 1.

அந்த 1-ஐப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. மெயில் வந்த அன்று முதல் ஃபைலை அழுத்தினேன், இறங்கிய மாதிரி தெரியவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். இரண்டு ஃபைல் வந்து நின்றன. அவர் இரண்டு ஃபைல்தானே அனுப்பினார், கணக்குச் சரியாக இருக்கிறது என்று இரண்டையும் கருவிக்கு இழுத்துவிட்டேன். நிஜமான 95 மெயிலிலேயே ஒரு மாதமாகக் குந்தியிருக்கிறது. ஒரு மாதமாக நான் வெள்ளிக்கிழமைதோறும் 91-ஐ அழித்துவிட்டு 91 எழுதியிருக்கிறேன். சார்ஜர் மாட்டி, விளக்கை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அதற்கு விலை கூடிய 95 பெட்ரோலை வேறு ஊற்றியிருக்கிறேன்.

எழுதித் தந்தவர் நல்ல மனிதர். "உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு சார்" என்று ஆறுதல் சொன்னார். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் இசியு அதுவரை கற்றுக்கொண்ட எரிபொருள் திருத்தங்கள் அழிந்து, முதலிலிருந்து கற்க ஆரம்பிக்குமாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் கியர் மாறும் விதமும் சில நாள் புதுசாகத் தெரியலாம். வெள்ளி இரவின் குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், டர்போவுக்கு அது விருந்து. திங்கள் காலை நெரிசலில் சூடான காற்று. இதையெல்லாம் கேட்டு எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு, என் கார் மேனுவல் கியர் என்பதும், நோட்டிலிருந்த 13-க்கும் 11-க்கும் வித்தியாசம் என் வலது கால்தான் என்பதும் உறைத்தது.

"உல்டாவா நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க" என்று அவர் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். ரெண்டு ஸ்லாட்டிலும் 95 உட்கார்ந்து, நான் வாரம் முழுக்க 91 ஊற்றிக்கொண்டு ஓட்டியிருந்தால். யோசித்தேன். தண்ணீர் குடித்தேன்.

அன்று சாயங்காலமே கருவியைத் துடைத்துவிட்டு, ஃபைல் பெயரை முதல் எழுத்திலேயே தெரிகிற மாதிரி மாற்றினேன். 91-சிக்கனம். 95-வேகம். சார்ஜரைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனேன். இக்னிஷனைப் போட்டதும் பெட்ரோல் முள் எழுந்து எழுந்து முழுசுக்குப் போய் நின்றது.

"நீ டேங்க் ஃபுல் பண்ணினியா?"

"ஆமா, மத்தியானம் வண்டி எடுத்தேன்ல. காலியா இருந்துச்சு."

"எந்த பெட்ரோல்?"

"சாதாரணம்தான். எது போட்டாலும் ஒண்ணாத்தான இருக்கு."

மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. 50 லிட்டர். லிட்டருக்கு 13 என்று வைத்துக்கொண்டாலும் 650 கிலோமீட்டர். ஆபீஸ் போய் வந்து இதைத் தீர்க்க மூன்று வாரம் ஆகும். அதுவரை வேகம் கருவிக்குள்தான் தூங்க வேண்டும். சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு நான் இந்தக் கணக்கை வாய்விட்டுப் போட்டிருக்க வேண்டும்.

"எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வர அறுநூறு சொச்சம்" என்றாள்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். அவள்தான் ஓட்டினாள். பாதி வழியில் மச்சினன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமாவை வேகத்துல போடச் சொல்லுக்கா. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடலாம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தேன்.

"வேகம் இன்னும் மெயில்லேர்ந்தே கிளம்பலடா" என்றாள்.