கைதட்ட முடியாத பதினொரு நாட்கள்

"கழுத்துல இந்த அட்டை தொங்குற வரைக்கும் உங்களுக்கு ஊரும் கிடையாது, நாடும் கிடையாதும்மா. வெளிய வந்த பிறகு எவ்வளவு வேணும்னாலும் சந்தோஷப்பட்டுக்குங்க."

2022 ஜூலை கடைசி வாரம், மாமல்லபுரத்தில் நடுவர்களுக்கான கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு மூத்த ஆர்பிட்டர் என்னிடம் சொன்னது இது. தலையாட்டினேன். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான் விழுப்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கபடியும் கோகோவும்தான் என் பிழைப்பு என்றாலும் சின்ன வயதிலிருந்தே செஸ் மேல் ஒரு பைத்தியம் உண்டு. பத்து வருடமாக மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று நடுவராக நின்றிருக்கிறேன். பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்யாண மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி, பிள்ளைகளைவிடப் படபடப்பாக வாசலில் நிற்கும் அப்பாக்கள். அங்கிருந்து நேராக, நாடுகள் அணி அணியாக மோதும் 44-வது செஸ் ஒலிம்பியாடுக்கு. பள்ளிக்கு வெளியே பணிக்குப் போக அனுமதிக்கும் ஓ.டி. ஆர்டர் கையில் வந்த அன்று தலைமையாசிரியர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

இந்தப் போட்டி முதலில் நமக்கு வந்ததல்ல. ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டியது. பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கியதும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச் 15-ஆம் தேதி சென்னைக்கு என்று முடிவானது. தொடக்க விழா ஜூலை 28. நடுவில் இருந்தது நான்கரை மாதம்கூட இல்லை. ஒரு கல்யாணத்துக்கே ஆறு மாதம் முன்னால் மண்டபம் பிடிக்கிறவர்கள் நாம். இதுவோ 186 நாடுகள்! ஏற்கெனவே இருந்த அரங்கம் போதாது என்று பக்கத்திலேயே இன்னோர் அரங்கத்தைக் கட்டி எழுப்பினார்கள்.

எல்லோரும் பெருமை, பெருமை என்றார்கள். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள், ஜனங்கள் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆவின் பால் பாக்கெட்டில் ஒலிம்பியாட் சின்னம். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' போகிற இடமெல்லாம் கைகூப்பிக்கொண்டு நின்றது. எனக்கு முதலில் வந்தது என்னவோ பயம்தான். சம்பந்தி வீட்டார் வருகிற அன்று அம்மா பத்து தடவை குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்களே, அந்தப் பயம். கரண்ட் போய்விடுமோ, பஸ் நேரத்துக்கு வராதோ, சாப்பாடு யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போகுமோ என்று என் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களுக்கெல்லாம் நான் கவலைப்பட்டேன். இப்போது யோசித்தால், அந்தக் கவலைதான் பெருமையின் முதல் வடிவம் என்று படுகிறது. நம்முடையது என்று நினைக்காத ஒன்றுக்கு யாரும் இப்படி அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜூலை 29, மதியம் 3 மணி. முதல் ரவுண்டு. யாரும் ஆடக்கூடிய ஓபன் பிரிவில் 188 அணிகள், மகளிர் பிரிவில் 162. ஓர் அணிக்கு நான்கு போர்டு. கணக்குப் போட்டால் இரண்டு அரங்கத்திலும் சேர்த்து 700 போர்டு. எனக்கு இரண்டாவது அரங்கத்தில், பெரிய பேர் எதுவும் இல்லாத மேசைகளின் பக்கம் பணி. ஆட்டம் தொடங்கலாம் என்றதும் எதிரெதிரே இருந்தவர்கள் கைகொடுத்துக்கொண்டார்கள், கிளாக்குகள் ஓட ஆரம்பித்தன. அப்புறம் ஒரு நிசப்தம். ஆயிரத்து சொச்சம் பேர் ஒரே கூரைக்குக் கீழே மூச்சு விடுகிற நிசப்தம் அது. என் செருப்புச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. மறுநாள் வேறு செருப்பு மாட்டிக்கொண்டு போனேன்.

என் மேசையில் ஒரு தீவு நாட்டுப் பெண்கள் அணி. நாலாவது போர்டில் இருந்த பெண்ணுக்குப் பதினாலு, பதினைந்து வயது இருக்கும். ஸ்கோர் ஷீட்டில் பேர் எழுதும்போதே கை நடுங்கியது. அழுத்தி எழுதியதில் கார்பன் தாளில்கூடப் பள்ளம் விழுந்தது. எதிரே இருந்தவர் பல வருடம் ஆடிய அம்மா. ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்துத் தோற்றாள். தோற்றவுடன் எழுந்து போகவில்லை, என் முகத்தையே பார்த்தாள். அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அங்கே ஆட்டம் முடிந்தால் இரண்டு ராஜாக்களையும் எடுத்துப் பலகையின் நடுவில் வைக்கவேண்டும். வெள்ளை ஜெயித்தால் நடுவில் இருக்கிற இரண்டு வெள்ளைக் கட்டங்களில், கறுப்பு ஜெயித்தால் இரண்டு கறுப்புக் கட்டங்களில், டிரா என்றால் ஒரு ராஜா வெள்ளையில், ஒரு ராஜா கறுப்பில். பலகைக்குள் இருக்கும் மின்னணு அதைப் படித்து முடிவைப் பதிந்துகொள்ளும். நான் கைகாட்டினேன். அவள் தன்னுடைய ராஜாவைத் தூக்கி, தோற்ற ராஜாவைத்தான், ரொம்ப மெதுவாக, கட்டத்துக்குச் சரியாக நடுவில் வைத்தாள். பிறகு ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு, தன் பங்குத் தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தத் தாள் இன்னமும் எங்கேயோ கடல் நடுவே ஒரு வீட்டில் இருக்கும். அதில் மாமல்லபுரம் என்ற பேர் இருக்கும்.

பெருமை என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயங்களைத்தான். தொடக்க விழா நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் பிரமாதமாக நடந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாண வேடிக்கையும் மேடை அலங்காரமும் எந்த நாட்டிலும் செய்துவிடலாம். வந்தவர்களுக்கு நேர்மையான ஓர் ஆட்டம் கிடைத்ததா, தோற்றவர்கூட மனக்குறை இல்லாமல் போனாரா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை நடத்துகிற நாட்டின் மானம்.

அதற்கும் சோதனை வந்தது. மூன்றாவது ரவுண்டோ நாலாவதோ, ஒரு வீரர் கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். எதிராளி யானையைத் தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்துகிறார் என்று புகார். தொட்ட காயை ஆடியே ஆகவேண்டும், அது விதி. எதிராளி தொடவே இல்லை என்கிறார். நான் அந்த நொடியில் பக்கத்து போர்டின் கிளாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணால் பார்க்கவில்லை, சாட்சி சொல்லவும் யாரும் இல்லை. அப்படியானால் புகாரை ஏற்க முடியாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதை அந்த மனிதரின் கண்ணைப் பார்த்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், குரல் நடுங்காமல் சொல்லவேண்டியிருந்தது. இவர் ஊருக்குத் திரும்பி இந்தியாவில் நடுவர் ஏமாற்றிவிட்டார் என்று சொன்னால்? அந்த நிமிடத்தில் அவருக்கு இந்தியா என்றால் நான்தான். கடற்கரைக் கோயிலும் தம்பி பொம்மையும் அப்போது துணைக்கு வரவில்லை. நான் பார்க்கவில்லை, அதனால் முடிவு சொல்ல முடியாது, ஆட்டத்தைத் தொடருங்கள் என்றேன். முகம் சுருங்கினாலும் உட்கார்ந்தார். அன்று அவர் தோற்றார். மறுநாள் வாசலில் என்னைப் பார்த்தபோது நின்று, லேசாகத் தலையை அசைத்துவிட்டுப் போனார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நம் அணிகள் ஆடிய மேசை ஒருநாள்கூட எனக்கு வரவில்லை, அதுதான் நியாயமும். ஆனால் காது சும்மா இருக்குமா? நடத்துகிற நாடு என்பதால் இரண்டாவது அணி, அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்ததால் மூன்றாவது அணி என்று ஓபன் பிரிவில் நமக்கு மூன்று அணிகள். அதில் இரண்டாவது அணி பிள்ளைகளின் அணி. குகேஷ், நிகால் சரின், பிரக்ஞானந்தா, ரௌனக் சாத்வானி, அவர்களுக்கு அண்ணன் மாதிரி அதிபன், பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தான். பதினாறு வயதுப் பையன், நம் பள்ளியில் இருந்தால் பதினொன்றாம் வகுப்பில் இருப்பான். எட்டாவது ரவுண்டில் அமெரிக்காவை 3-1 என்று தோற்கடித்த செய்தி இரண்டாவது அரங்கத்துக்கு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்து சேர்ந்தது. தண்ணீர் பாட்டில் வைக்க வந்த பையன் என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனான். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கிளாக்கைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, பத்தாவது ரவுண்டு. என் மேசை ஆட்டங்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன. அனுமதி வாங்கிக்கொண்டு முதல் அரங்கத்துக்குப் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உஸ்பெகிஸ்தானோடு ஆட்டம். குகேஷுக்கு எதிரே அப்துசத்தோரோவ். ஜெயிக்கிற நிலையில் இருந்த ஆட்டம், நேரம் குறையக் குறையக் கைநழுவிப் போனது. ஒரு தவறான நகர்த்தல். முடிந்ததும் அந்தப் பையன் இரண்டு கையிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் அத்தனை பேர், ஒருவரும் அசையவில்லை. என் பள்ளிப் பிள்ளை யாராவது இப்படி உட்கார்ந்திருந்தால் போய் முதுகைத் தடவியிருப்பேன். கழுத்தில் அட்டை தொங்குகிறது. நின்ற இடத்திலேயே நின்றேன். மேட்ச் 2-2 என்று சமனில் முடிந்தது.

வேறொரு நாள் மகளிர் மேசையில் நம் அணியின் ஹரிகாவைப் பார்த்தேன். நிறைமாதம். எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம் என்ற நிலையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். அந்த மாதத்தில் பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். அவரைப் பார்த்தபோது வந்த உணர்வுக்குப் பெருமை என்ற சொல் போதவில்லை.

ஆகஸ்ட் 9, பதினொன்றாவது ரவுண்டு, அதுதான் கடைசி. காலை 10 மணிக்கே. அதுவரை முதலிடத்தில் இருந்த நம் பெண்கள் அமெரிக்காவிடம் 3-1 என்று தோற்றார்கள். தங்கம் போய்விட்டது என்று அரங்கத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. பிற்பாடு கணக்குப் பார்த்ததில் வெண்கலம். ஒலிம்பியாடில் இந்திய மகளிர் அணி வாங்கிய முதல் பதக்கம் அது. ஓபனில் பையன்களின் இரண்டாவது அணிக்கும் வெண்கலம். தங்கம், போட்டிக்கு முந்தைய தரவரிசையில் பதினான்காவதாக இருந்த உஸ்பெகிஸ்தானுக்கு. அதுவும் பிள்ளைகளின் அணிதான். மகளிர் தங்கம் உக்ரைனுக்கு.

அன்று சாயங்காலம் நேரு அரங்கத்தில் நிறைவு விழா. எங்களையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். உட்கார்ந்ததும் நான் செய்த முதல் காரியம், அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டதுதான். எதிரில் அந்த மூத்த ஆர்பிட்டரும் அதையே செய்துகொண்டிருந்தார்! நம் பெண்கள் மேடை ஏறினார்கள், குகேஷும் மற்றவர்களும் ஏறினார்கள். பதினொரு நாள் அடக்கி வைத்தது எல்லாம் உள்ளங்கையில் இறங்கியது. பக்கத்தில் இருந்த நடுவர் தோழி விசிலே அடித்தாள். நம்மவர்களுக்கு மட்டும் தட்டவில்லை. உஸ்பெகிஸ்தான் பையன்கள் கோப்பையைத் தூக்கியபோதும் தட்டினேன். போர் நடக்கிற நாட்டிலிருந்து வந்து ஜெயித்த உக்ரைன் பெண்களுக்கு எழுந்து நின்று தட்டினேன். போட்டி இங்கே வந்து சேர்ந்ததற்கே அந்தப் போர்தான் காரணம் என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. கொஞ்ச நேரம் தொண்டை அடைத்துக்கொண்டது.

பள்ளிக்குத் திரும்பிய அன்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். குகேஷைப் பாத்தீங்களா மிஸ், பேசினீங்களா மிஸ், ஆனந்த் வந்தாரா மிஸ். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மட்டும் திருப்தி இல்லை.

"நம்மதானே மிஸ் நடத்தினோம்? அப்புறம் ஏன் அவங்க ஃபர்ஸ்ட்டு?"

"அவங்க நல்லா ஆடினாங்கடா."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப சரி மிஸ்," என்றான்.

ராஜாவை நடுவில் வைக்கிற கதையைச் சொன்னேன். ஆளாளுக்குப் போர்டை எடுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் ஆட்டம் முடிந்தால் இரண்டு ராஜாவும் நடுவில் போய் நிற்கும். எங்கள் போர்டு ரெக்சின் துணியில் அச்சடித்தது, மடிப்பு விழுந்தது, அதற்குள் மின்னணு எதுவும் இல்லை. ஆனாலும் தோற்றவன் தன் ராஜாவைத் தானே தூக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மறந்துபோய் எழுந்து ஓடுகிறவனை மற்ற பிள்ளைகளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.