வண்டி நின்ற இடங்கள்

மே 12, 2021, புதன்

எங்கள் 108 ஆம்புலன்ஸுக்கு இன்றைய மூன்றாவது கேஸ் சோமனூர்ப் பக்கம். தறி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியிருக்காது. திண்ணையில் உட்கார்ந்து பீடிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். "எனக்கொண்ணும் இல்லீங்க தம்பி, அசதிதான். இவ பயந்துபோயி போன் பண்ணிப்போட்டா." விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். ரத்தத்தில் ஆக்சிஜன் 71 சதவீதம். கருவிதான் பழுதோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன். 98.

மூச்சு முட்டுவதை மூளைக்குச் சொல்வது பெரும்பாலும் ரத்தத்தில் ஏறும் கரியமிலவாயு. இந்தக் கொரோனாவில் ஆக்சிஜன் உள்ளே போவது குறைந்த பிறகும் கரியமிலவாயு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஆள் பேசுகிறார், டீ கேட்கிறார். 94-க்குக் கீழே இறங்கியதுமே கிளம்பியிருக்க வேண்டும். இவருக்குக் காய்ச்சல் கண்டு இன்று ஒன்பதாம் நாள். மருந்துக் கடை மாத்திரையில் நான்கு நாள் போயிற்று. அப்புறம் டைபாய்டு என்று எங்கோ இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். டெஸ்ட் எடுக்கவில்லையா என்றேன்.

"போன வருசம் பக்கத்து வளவுல கொரோனான்னு ஊட்டச் சுத்தித் தகரம் அடிச்சதப் பாத்தமுங்க" என்றார் அந்த அம்மா.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மே 17, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு வண்டி. எங்களுடையது எட்டாவது. உள்ளே ஒரு பாட்டி, மகள் கூட. மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்திருந்தேன். அதற்குக் கீழே இறக்கினால் எண் சரிகிறது. பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தாலே சுமார் 1,500 லிட்டர்தான். 150 நிமிடம். எங்களுடையது நிறைந்தும் இல்லை. வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் பின்னால் நின்ற வண்டிகளில் போய்க் கெஞ்சி ஒன்று வாங்கி வந்தார். இரண்டாவதும் பாதிக்கு வந்தபோது பாட்டி போய்விட்டார்.

டாக்டரம்மா வண்டிக்கே வந்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கொண்டுவரும்போதே இறந்தவர் என்று எழுதினார். உயிரோடுதான் கொண்டுவந்தேன், மேடம். சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. பாதுகாப்பு உடைக்குள் அவர் முகம் வெந்து கிடந்தது. கட்டில் காலியானால்தான் அடுத்தவரை எடுக்க முடியும். கட்டில் காலியாக ஒருவர் தேற வேண்டும், இல்லை சாக வேண்டும்.

மே 21, வெள்ளி

தமிழ்நாட்டில் இன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. எங்களுக்கு ஏழு கேஸ். கையுறைக்குள் கையெல்லாம் ஊறிப்போய்விட்டது.

ஒரு வீட்டில் மாத்திரைக் காகிதத்தைக் காட்டினார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, காய்ச்சலின் இரண்டாம் நாளிலிருந்தே. விலை குறைந்த, நல்ல மருந்து அது. ஆக்சிஜன் வைத்திருப்பவர்களில் சாவை ஐந்தில் ஒரு பங்கும், வென்டிலேட்டரில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கும் குறைத்ததாகப் போன வருடம் ஜூனில் இங்கிலாந்தில் கண்டார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அதே ஆய்வில் பலன் இல்லை. இந்த மனிதருக்கோ சர்க்கரை வேறு, அதை இந்த மருந்து ஏற்றிவிடும். குளுக்கோமீட்டரில் 480.

மே 27, வியாழன்

நேற்று ஒரு நாள் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையை முந்திவிட்டது. டிவியில் ஏதோ கபடி ஸ்கோர் போலச் சொல்கிறார்கள்.

விடிகாலை நாலு மணிக்கு அன்னூர் தாண்டி ஒரு தோட்டத்து வீடு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெரியவர் முடிந்துவிட்டார். கட்டிலில் கால் நீட்டி, வேட்டி மாற்றி, நெற்றியில் திருநீறு. ஐந்து நாளாக மகன் கூப்பிட்டும் வர மறுத்தாராம். "ஆஸ்பத்திரிக்குப் போனா பொட்டலமாத்தான் வருவேன், என்ற ஊட்டுலயே கெடக்கறேன்னுட்டாருங்க." பொட்டலமாகச் சுற்றிக் கட்டிய உடல் என்பது அவர் கற்பனை இல்லை, அதே ஊரில் இரண்டு பேரை அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

108-இல் இறந்தவரை ஏற்றுவதில்லை, அதற்கு அமரர் ஊர்தி. அந்த மகனும் கேட்கவில்லை. தோட்டத்திலேயே எரித்துக்கொள்கிறோம் என்றார். நோட்டில் 'ஏற்றவில்லை' என்று எழுதிக்கொண்டு திரும்பினோம்.

நவம்பர் 23, செவ்வாய்

அந்த மகன் வண்டி நிற்கும் இடத்தைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள் அல்லவா, அதற்கு. பாசிடிவ் வந்து 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கொரோனா இறப்புதான். உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த விதி. ஆனால் பெரியவருக்கு டெஸ்ட்டே எடுக்கவில்லை. இறப்புச் சான்றுக்கு மகனே மாரடைப்பு என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அப்படிச் சொன்னால்தான் சொந்தக்காரர்கள் துக்கத்துக்கு வருவார்கள்.

"நீங்க வந்து பாத்தீங்கல்லங்க, ஒரு பேப்பர்ல எழுதித் தரமுடியுங்களா?"

நான் பார்த்தது வேட்டியும் திருநீறும். மாவட்டக் குழுவுக்கு மனுக் கொடுக்கச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

மே 6, 2022, வெள்ளி

2020, 2021 இரண்டு வருடங்களில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 47 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அரசுக் கணக்கில் அந்தக் காலத்துக்குக் கொரோனா இறப்பு சுமார் 4.8 லட்சம். கணக்கிட்ட முறையே தவறு என்கிறது டெல்லி. பைலட் அண்ணன் செய்தியைப் படித்துவிட்டு, "பத்துக்கு ஒண்ணா?" என்றார்.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். சானிடைசர் பட்டு மை கலைந்த பக்கங்கள். மே மாதத்தில் மட்டும் பதினான்கு இடத்தில் 'ஏற்றவில்லை' என்று இருக்கிறது.