புராஸ்டேட் எம்ஆர்ஐ ஆட்டோவா ஓடும்னாங்க, ஓட வைக்க நாங்க பட்ட பாடு

மார்த்தாண்டம் பக்கம் ஸ்கேன் சென்டர்ல டெக்னீஷியனா இருக்கேன், களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றிங்கரைல இருந்தெல்லாம் ஆளு வருவாங்க. புராஸ்டேட் கேஸ் கூடுனதும் ஆட்டோ சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டாங்க. லோக்கலைசர்னு முதல்ல ஒரு வழிகாட்டிப் படம் எடுத்ததும், எந்த இடத்துல எந்தக் கோணத்துல ஸ்லைஸ் வெட்டணும்னு அதுவே பிளான் பண்ணும், ஸ்கேன் முடிஞ்சா படம் சர்வருக்குப் போய் புராஸ்டேட் சுரப்பியைச் சுத்திக் கோடு வரைஞ்சு வால்யூமோட டாக்டர் ஸ்கிரீனுக்கு வந்துரும். இன்ஸ்டாலேஷன், டிரெய்னிங் எல்லாம் சுமுகம்தான்.

திடீர்னு ஒருநாள் ரிசல்ட் வர்றது நின்னுபோச்சு. படம் பேக்ஸ்ல (ஸ்கேன் படமெல்லாம் சேமிக்கிற சிஸ்டம்) இருக்கு, ரிசல்ட் மட்டும் இல்ல, எரர் மெசேஜும் கிடையாது. சப்போர்ட்டுக்குப் போன் போட்டா "உங்க நெட்வொர்க் பிரச்சனை சார்"ங்கிறாங்க, எங்க ஐடி தம்பி "பிங் போகுதுண்ணே, போர்ட்டும் திறந்துதான் கெடக்கு, அவங்க சாஃப்ட்வேர்தான்"ங்கிறான், நடுவுல டாக்டர் என்னைப் பாத்து முறைக்கிறாரு, அவர் நீளம் அகலம் உயரம் அளந்து 0.52ஆல பெருக்கி வால்யூம் போட வேண்டியதாயிருச்சே.

கடைசில பழைய ஸ்டடியையும் புதுசையும் பக்கத்துல வச்சு டைகாம் ஹெடரை, அதாவது படத்தோட கூடவே வர்ற விவரக் குறிப்பைப் பாத்தேன். மெஷின் அப்டேட் பண்ண வந்த சர்வீஸ் இன்ஜினியர் புரோட்டோகாலை (ஸ்கேன் செட்டிங்ஸ்) திரும்ப லோட் பண்ணிருக்காரு, அதுல டிஃப்யூஷன் சீரிஸ் (திசுல தண்ணி எப்படி நகருதுன்னு காட்டுற பட வரிசை) பேர்ல இருந்த ஸ்பேஸ் அண்டர்ஸ்கோரா மாறிருக்கு. சாஃப்ட்வேர் பேரை வச்சுத்தான் சீரிஸைப் பொறுக்குது, பேர் ஒத்துவரலன்னா சத்தமில்லாம விட்டுருது! பழைய பேரைப் போட்டு அனுப்பினேன், வந்துருச்சு ரிசல்ட். சப்போர்ட்ல சொன்னா, "ஓ அதுவா சார், மேனுவல்லயே இருக்கே". வந்துச்சு பாருங்க கோவம்.

அதனால அப்டேட்டுக்கு யார் வந்தாலும் முன்னாடியே புரோட்டோகால் பேக்கப் எடுத்துக்கோங்க, அவங்க கிளம்புறதுக்குள்ள ஒரு கேஸ் ரிசல்ட் வரைக்கும் போகுதான்னு பாத்துட்டு விடுங்க.

ஆட்டோவை நம்பி கன்சோலை விட்டு எந்திரிக்கவும் முடியாது. பாறசாலைல இருந்து ஒரு அப்பச்சன் பஸ்ல வந்தவரு, மலக்குடல்ல வாயு, மெஷின் அழகா பிளான் போட்டு டிஃப்யூஷனை ஓட்டிருச்சு, படம் பூரா நெளிஞ்சு கெடக்கு. பெரிஃபெரல் ஸோனுக்கு (சுரப்பியோட வெளிப்பகுதி), புராஸ்டேட் எம்ஆர்ஐக்கு மார்க் போடுற பைராட்ஸ் 2.1 முறைல டிஃப்யூஷன்தான் முக்கியம், அது போனா ஸ்கேனே வேஸ்ட். அவரை பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லி மறுபடி எடுத்தோம், தப்பிச்சோம்.

டியூஆர்பி (மூத்திரக் குழாய் வழியா புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்குறது) ஆபரேஷன் ஆனவங்க, இடுப்பு மூட்டுல மெட்டல் வச்சவங்கன்னா வரைஞ்ச கோட்டை ஒருதடவை கண்ணால பாத்துருங்க. பயாப்சி (ஊசியால சதை எடுத்து டெஸ்ட்) எடுத்து 6 வாரம் ஆகலன்னா ரத்தக்கசிவு குழப்பும், ஃபிரண்ட் ஆபீஸ்ல அதைக் கேக்கவே மாட்டேங்குறாங்க, நாங்க இப்ப அதையும் மலையாளத்துலயும் தமிழ்லயும் எழுதி வாட்ஸப்ல அனுப்புறோம். பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டை அப்பவே போட்டோ பிடிச்சு அனுப்பச் சொல்லிருங்க, அந்த நம்பரை நாமதான் டைப் பண்ணணும், இல்லன்னா வால்யூம் கரெக்டா வந்தும் பிஎஸ்ஏவை வால்யூமால வகுத்து வர்ற டென்சிட்டி கட்டம் காலியாத்தான் இருக்கும்.