மொலாசஸ் எத்தனால் புராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

பயோடெக் கடைசி வருஷத்தில் எரிபொருள் எத்தனாலை எடுப்பவர்கள் பெரும்பாலும் புது ஈஸ்ட் ரகம் தேடித்தான் அலைவார்கள். என் அனுபவத்தில் சாதாரண பேக்கரி ஈஸ்டே போதும். அதற்கு என்ன தீனி போட்டோம், எப்படி வைத்திருந்தோம் என்பதைத்தான் தேர்வாளர் துருவுவார்.

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. பொட்டாசியமும் கால்சியமும் தேவைக்கு மேலேயே இருக்கும். ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன்தான் குறைவு. ஆலைகளில் யூரியா, டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) போடுவது அதற்காகத்தான். இரண்டையும் ஒப்பிடுகிறீர்கள் என்றால் தலா 1 கிராம் என்று போடாதீர்கள். 100 கிராம் யூரியாவில் சுமார் 46 கிராம் நைட்ரஜன், சுத்தமான டிஏபியில் 21 கிராம்தான். நைட்ரஜனைச் சமமாக்கி, யூரியா குடுவையில் அதே அளவு பாஸ்பேட்டையும் சேர்த்தால்தான் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியும். டிஏபி குடுவையில் பிஎச் கூடுதலாக இறங்கினால் பதற வேண்டாம். அமோனியத்தை உள்ளே இழுக்கும்போது ஈஸ்ட் புரோட்டானை வெளியே தள்ளும். யூரியாவை உடைக்கும் நொதிக்கோ பயோட்டின் தேவை. கரும்பு மொலாசஸில் அது தாராளம். செயற்கை ஊடகம் என்றால் நாம்தான் சேர்க்க வேண்டும். நைட்ரஜனை அள்ளிக் கொட்டினாலும் ஆபத்து: சர்க்கரை செல் பெருக்கத்துக்கே போய்விடும்.

அப்புறம் ஆக்சிஜன். "காற்றில்லாமல் நடப்பதுதானே, பின்னே ஏன் முதலில் குலுக்கினாய்?" என்பது வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அநேகமாக வரும். செல் சவ்வுக்கு வேண்டிய ஸ்டீராலையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் ஆக்சிஜன் இல்லாமல் ஈஸ்டால் உண்டாக்க முடியாது. அவை குறைந்தால் எத்தனால் ஏற ஏறத் தாக்குப்பிடிக்காது. சர்க்கரை அதிகமாக இருக்கும்போது காற்று இருந்தாலும் நொதித்தல் நடக்கும் என்ற கிராப்ட்ரீ விளைவையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

எத்தனால் அளவீட்டுக்கு ஜிசி (கேஸ் குரோமட்டோகிராபி) கருவி கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காற்றடைப்பு (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஏர்லாக்) போட்ட குடுவையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போட்டாலே வளைவு கிடைத்துவிடும். வெளியேறும் ஒவ்வொரு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கும் 46 கிராம் எத்தனால். 8.8 கிராம் எடை குறைந்தால் உள்ளே ஏறத்தாழ 9.2 கிராம். கடைசி மாதிரியை மட்டும் ஜிசியில் கொடுத்துச் சரிபார்த்தால் போதும்.

விளைச்சல் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. 100 கிராம் குளுக்கோஸில் அதிகபட்சம் 51.1 கிராம் எத்தனால். சுக்ரோஸ் என்றால் 53.8. அது உடையும்போது தண்ணீரைச் சேர்த்துக்கொள்கிறது. எந்தச் சர்க்கரையை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

பிஎச் 4.5 பக்கம் வைத்தால் பாக்டீரியா தொல்லை குறையும். வெப்பநிலைக்கு 30 முதல் 32 டிகிரி சரி. ஆனால் சாதாரண இன்குபேட்டர் சூடாக்கும், குளிர்விக்காது. அறையே 36 டிகிரியில் கொதிக்கும்போது அதில் 32 என்று வைத்து என்ன பயன்? குளிர்விக்கும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டரை பிப்ரவரியிலேயே உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள். ஏப்ரலில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.