அம்மம்மாவின் நேர்த்தி

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்கு அம்மாவோடு போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 25 நாள் திருவிழாவின் கடைசி வாரத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாய்தான். திருநீறு வாங்கி வெளியே வந்ததும் அம்மா வீதி மணலில் அப்படியே நின்றுவிட்டார்.

"இதில எங்கயோதானடா பாய் விரிச்சுப் படுத்தனாங்கள்."

1987 அக்டோபர். இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கி, ஷெல் விழ விழச் சனம் நல்லூரடிக்கு ஓடிவந்தது. கந்தன் காலடியில் ஒன்றும் வராது என்ற நம்பிக்கைதான். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடத் தீபாவளி இந்த மணலில்தான் விடிந்ததாம்.

அம்மாவின் கதைகள் துண்டு துண்டாகத்தான் வரும். கிணற்றடியில் குடங்களின் வரிசை. சிரட்டையில் ஊற்றிய கஞ்சி. தம்பியின் தொலைந்துபோன ஒற்றைச் செருப்பு. அரிசி எடுக்க வீட்டுக்குப் போன அம்மம்மா, முழங்காலில் ஷெல் துண்டோடு திரும்பி வந்தது. "பயமா இருந்ததா அம்மா?" என்று கேட்டால் மறுபடி செருப்புக்கே போய்விடுவார்.

இடம் மட்டும் பிடிபடவில்லை. தெற்கில் நிற்கும் ஒன்பது நிலைக் கோபுரம் 2011இல் வந்தது, வடக்குக் கோபுரம் 2015இல். அம்மா கண்ட கோயிலில் கிழக்குக் கோபுரம்தான் இருந்தது. வீதியில் நின்றபடியே பாரிஸிலுள்ள பெரியம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம்.

"அக்கா, தெற்கு வீதிதானே?"

"இல்லையடி, மேற்கு வீதி. நீ சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பெரியம்மாவே தொடர்ந்தார். "அம்மா அதில இருந்துதான் நேர்த்தி வச்சவ. நான் நித்திரை மாதிரிக் கிடந்து கேட்டனான். 'என்ர பிள்ளையள் மூண்டையும் காப்பாத்து முருகா, உன்ர வீதி முழுக்க அடியழிக்கிறன்' எண்டு. அடுத்த நாள்தான் அவவுக்குக் காலில பட்டது. பிறகு முழங்கால் மடங்கவேயில்லையே, எப்பிடி அடியழிக்கிறது?"

இத்தனை வருடத்தில் இந்த நேர்த்தியைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாது. அம்மம்மா கடைசிவரை ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் சாமிப்படத்தின் முன் இருப்பார். அது எனக்கும் நினைவிருக்கிறது.

மறுநாள் விடிய முன்னமே அம்மா முழுகிவிட்டு வந்தார். ஆண்கள் ஈர வேட்டியோடு பிரதட்டை உருண்டு போக, பின்னால் பெண்கள் விழுந்து கும்பிட்டு, எழும்பி, மூன்றடி நடந்து, மறுபடி விழுந்து அடியழித்தார்கள். அவர்களோடு அம்மாவும். "அரோகரா" என்ற குரல் நாலு பக்கமும். தண்ணீர்ப் போத்தலோடு நான் பக்கத்தில் நடந்தேன். கைகொடுத்தபோது வேண்டாம் என்று தலையாட்டினார்.

மேற்கு வீதியில் ஓரிடத்தில் விழுந்தவர் உடனே எழும்பவில்லை. பின்னால் வந்த பெண்கள் ஒன்றும் கேட்காமல் விலகிப் போனார்கள்.

சுற்றி முடிந்தபோது நெற்றியெல்லாம் மணல். துடைக்கத் துவாயை நீட்டினேன். வாங்கவில்லை. மணலுக்கு மேலேயே திருநீற்றைப் பூசிக்கொண்டு உள்ளே போனார்.