நான் விலகிக்கொண்ட பெயர்

அவளுடைய பெயர் திரையில் வந்ததும், "இந்தப் பெயருக்கு நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களே முடிவு பண்ணுங்கள்" என்றேன். யாருக்குப் பிரமோஷன் என்று முடிவு செய்யும் அப்ரைசல் கூட்டத்தில் அப்படி ஒதுங்கிக்கொள்ள இடமுண்டு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவளும் முஸ்லிம், நானும் முஸ்லிம். அவ்வளவுதான் காரணம். உறவு கிடையாது, ஊரும் வேறு; நான் ஆம்பூர், அவள் தென்காசிப் பக்கம். ஆனால் எங்கள் பிரிவில் மேனேஜர், அதற்கு மேல் என்று எடுத்தால் முஸ்லிம் பெண் நான் ஒருத்திதான். நான் வாதாடினால் மறுநாள் காபி மெஷின் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதே கூட்டத்தில், அவள் பெயருக்குச் சற்று முன்னால், ஒருவர் "நம்ம காலேஜ் பையன், எனக்கு நல்லா தெரியும்" என்று தன் டீம் ஆளுக்குப் பேசினார். ஒரே ஹாஸ்டல் வேறு. அது சிபாரிசாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் விலகவில்லை, விலகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அவள் பெயருக்கு எதிரே எக்செலில் இருந்த வரி: "டெலிவரி சூப்பர். விசிபிலிட்டி பத்தாது." ஒரு வங்கியின் பேமென்ட் சிஸ்டத்தை கிளவுடுக்கு மாற்றிய வார இறுதியில், ஞாயிறு விடியற்காலை கணக்கு டேலி ஆகவில்லை. மாற்றியதைத் திருப்பிப் போட அவள் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த ரோல்பேக் திட்டத்தைப் படிப்படியாக ஓட்டித்தான் திங்கள் காலை கிளைகள் திறப்பதற்குள் எல்லாம் பழையபடி ஆனது. விசிபிலிட்டி என்று அவர்கள் சொன்னது டீம் டின்னரை. பார் இருக்கும் இடங்களுக்கு அவள் வருவதில்லை. நானும் போவதில்லை. என் காலத்தில் டின்னர் சைவ ஓட்டலில் நடந்தது, பிழைத்தேன்.

2007இல் தமிழ்நாடு அரசு முஸ்லிம்களுக்குக் கொண்டுவந்த 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவள் அவள். கல்லூரியில் அந்தக் கணக்கு உண்டு, தனியார் வேலையில் கிடையாது. பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களில் முதல் 1000இல் இருப்பவை இயக்குநர் குழுவில் ஒரு பெண் சுயேச்சை இயக்குநராவது வைத்திருக்க வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதியே இருக்கிறது. பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று ஆண்டறிக்கையில் காட்டவும் வேண்டும். மதத்துக்கும் சாதிக்கும் அதில் கட்டம் இல்லை. ஆபீஸில் ஒதுக்கீடு வேண்டுமா என்றால் எனக்கே தெளிவில்லை. எண்ணவாவது செய்யலாம்.

அந்த வருடம் அவளுக்குப் பிரமோஷன் கிடைக்கவில்லை. நான் விலகியதை நானே அவளிடம் சொன்னேன். "நீங்க பேசியிருந்தா 'அவங்க ஆளு'ன்னு பேர் வந்திருக்கும் மேம். நீங்க செஞ்சதுதான் சரி" என்றாள். அடுத்த வருடம் வேறொரு மேனேஜரின் கீழ் பிரமோஷன் வந்தது, யார் தயவும் இல்லாமல். அப்படியானால் என் கணக்கு சரிதானே? நிம்மதியாகத்தான் இருந்தேன்.

போன மாதம் லிஃப்டில் பார்த்தபோது, இப்போது அவளும் அந்தக் கூட்டங்களில் உட்காருகிறாள் என்றாள். "ஒரு ஃபாத்திமா பேரு வந்துச்சு மேம். உங்களை மாதிரியே நானும் ஒதுங்கிட்டேன்."

"நல்லா வேலை செய்வாளா?"

"எங்க டீம்லயே பெஸ்ட்."

பேசியிருக்க வேண்டியதுதானே என்று சட்டென்று கோபம் வந்தது. அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். இப்போதும் சொல்கிறேன், அன்று நான் ஒதுங்கியது சரி. நான் தனியாக இருந்தேன். அவள் தனியாக இல்லை, நான் இருக்கிறேன். ஆனால் நான் இருப்பதாக அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?