சத்தமில்லாத கசிவு

காலையில் போனில் ஓர் எச்சரிக்கை, தண்ணீர் அளவைத் தானாகவே அனுப்பும் எங்கள் ஸ்மார்ட் மீட்டர் வழியாக: வீட்டில் தண்ணீர் கசிவு இருக்கலாம்.

குழாயெல்லாம் மூடித்தான் இருந்தது. அம்மா கழிப்பறைக்குள் போய், கோப்பையின் பின்பக்கத்தில் ஒரு டிஷ்யூவை ஒட்டினார். உடனே நனைந்து சரிந்தது. ஃபிளஷ் தொட்டி ரப்பர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் ஒழுகியிருக்கிறது!

பழைய மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து பார்ப்பார். இடையில் வருவது உத்தேசக் கணக்கு. பில் எகிறிய பிறகுதான் நமக்கு உறைக்கும்.

சிங்கப்பூரில் தண்ணீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் 2022இல் ஸ்மார்ட் தண்ணீர் மீட்டர் பொருத்தத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 3 லட்சம். மனசாரச் சொல்கிறேன், நல்ல வேலை.

ஆனால் எங்கள் புளோக்கில் தனியாக இருக்கும் பாட்டி, தாத்தாக்கள் போனில் இதையெல்லாம் பார்ப்பார்களா? அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன்.